அரிய பாட்டு எது?

பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்கி, கண்ணாடிப் பேழையில் வைத்துப் பார்த்து மகிழும் அன்பர்கள் இப்பொழுது பெருகி வருகின்றனர். தட்டுப் பழையது, ஆகவே அரியது. அரியது, ஆகவே உயர்ந்தது என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

மேனாட்டில் ‘ரேர் குருவ்’ என ஓர் இசைவகையைப் பேசுகின்றனர். அரிய தாளப்பாட்டு என நாம் சொல்லலாம். குருவ் என்பது தட்டில் முள் ஓடும் பள்ளம். கேட்பவன் உடலைத் தன்போக்கில் இழுத்துச் செல்லும் தாளத்துக்கும் அதுவே பெயர். 1985இல் இலண்டனில், அரசாங்க அனுமதியின்றி நடந்துவந்த கிஸ் எஃப்.எம். வானொலியில் நார்மன் ஜே என்னும் கறுப்பினத் தோழர் இப்பெயரால் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். அவர் ஒலிக்கச் செய்தவை அமெரிக்கக் கறுப்பினத்தார் 1960களின் கடைசியிலும் 1970களிலும் பாடிப் பதிந்தவை. பெரும்பாலும் வெளிவந்த காலத்தில் விலைபோகாதவை. ஜாக்சன் சிஸ்டர்ஸ் என்னும் சகோதரிகள் 1973இல் பாடிய ‘ஐ பிலீவ் இன் மிராக்கிள்ஸ்’ இதற்குத் தக்க சான்று. பதினான்கு ஆண்டு கழித்து, 1987இல்தான் அது பிரிட்டனில் விற்பனைப் பட்டியல் ஏறிற்று. மேசியோ அண்டு த மேக்ஸ் குழுவின் ‘கிராஸ் த டிராக்ஸ்’ பாட்டின் கதையும் ஏறக்குறைய இதுவே. இப்பாட்டுகளை மீட்டவர்கள் பண்டிதர்கள் அல்லர், நடனக்கூடத்தில் ஆடிய கால்கள். ஆட வைக்காத தட்டு உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தாலும், அதனை அக்கூட்டத்தார் சீந்தவில்லை. கண்ணாடிப் பேழை அன்பர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

தமிழில் ‘அருமை’ என்னும் சொல் கிடைத்தற்கு அரியது என்பதையும் சிறப்புடையது என்பதையும் ஒருங்கே குறிக்கின்றது. இவ்விரண்டும் ஒன்றே என மயங்குவதற்கு இச்சொல்லும் ஒரு காரணம் போலும்! ஆனால் கிடைத்தற்கு அருமை என்பது இடத்துக்கு இடம் மாறும். இளையராஜா 1977 முதல் 1983 வரை அமைத்த பாட்டுகள் சிலவற்றை ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்னும் பிரிட்டிஷ் நிறுவனம் ‘சொல்லச் சொல்ல’ எனத் தொகுத்துப் புதையல்போல் வெளியிட்டது. ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ (1985) படப் பாட்டொன்றின் பகுதியை அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழுவினர் 2003இல் எடுத்தாண்டனர். ‘தளபதி’ (1991) படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாட்டின் பகுதியை, இலண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண்மணி எம்.ஐ.ஏ. 2007இல் கையாண்டார். லாபுவிலும் லிங்கியிலும் பகாவிலும் கோயில் திருவிழா ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த இசை அங்கே அரும்பொருள் ஆயிற்று! நம் வீட்டு அம்மிக்கல்லை அயலான் அருங்காட்சியகத்தில் வைத்தால் நமக்கு வரும் சிரிப்பே இங்கும் வருகின்றது.

சிரித்துவிட்டுப் போக முடியாத விஷயமும் இதில் ஒன்று உண்டு. அயலான் காதுக்கு எட்டிய அந்தத் தாளம் நம் விமரிசகர் காதுக்கு ஏன் எட்டவில்லை? இராகம் என்ன, பாடியவர் யார், கவி யார் எனக் கேட்பதோடு நம் சங்கீத விமரிசனம் நின்றுவிட்டது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியபோதும் எழுந்த வழக்கு பாட்டின் மொழியைப் பற்றியதே. அது வேண்டிய வழக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் தோலை அடிப்பவன் தாழ்ந்தவன், அவன் அடிக்கும் தப்பும் தாழ்ந்தது என்னும் சாதிப் புத்தி அப்பொழுதும் அசையவில்லை. சாவுக்கும் திருவிழாவுக்கும் தோட்டத்தில் தப்பு வேண்டும், உறுமி வேண்டும்; ஆனால் சங்கீதம் என்று பேச்சு வந்தால் அவற்றுக்கு இடமில்லை! இது என்ன நியாயம்?

அடித்தவன் கூலியைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவின் வின்ஸ்டன்ஸ் குழுவினர் 1969இல் வெளியிட்ட தட்டின் பின்பக்கத்தில் ‘ஆமென், பிரதர்’ என்னும் பாட்டு இருக்கின்றது. அதன் நடுவே கிரெகரி கோல்மன் என்பவர் தனியே டிரம் அடித்தது ஏழு விநாடி அளவே. பிற்காலத்தில் அந்த ஏழு விநாடியை வெட்டி எடுத்து ஆயிரக்கணக்கான பாட்டுகள் கட்டப்பட்டன. கோல்மனுக்கோ அதனால் ஒரு காசும் கிட்டவில்லை. 2006இல் வறுமையில் மாண்டார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் பொதுமக்கள் நன்கொடையாக 24,000 பவுன் சேர்ந்தது. பால் வெட்டியவன் லயத்திலும், பால் விற்ற காசு சீமையிலுமாக வாழ்ந்த நம்மவர்க்கு இக்கதையை விளக்க வேண்டியதில்லை.

பழைய பாட்டை எவ்வாறு கையாள வேண்டும் என்பதற்கு இந்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கின்றது. ‘நிழல்கள்’ (1980) படத்தின் ‘மடை திறந்து’ பாட்டை யோகி பி - நட்சத்திரா குழுவினர் 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பில் புதிதாகச் செய்தனர். பழைய மெட்டை வைத்துக்கொண்டு அதன்மேல் தம் பேச்சைத் தாளத்தோடு ஓடவிட்டனர். ஆங்கிலச் சொற்கள் மிகுதி என்பது நமது குறை. ஆயினும் பேழையில் உறங்கும் நூறு தட்டுகளைவிட இஃது ஒன்று மேல் என்பதே நமது அபிப்பிராயம்.

நெகிரி செம்பிலானில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், செண்டாயான் பக்கங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு நகர்கள் எழுந்தன. லயங்கள் காலியாகும்போது பெட்டி பெட்டியாய் ஒலிநாடாக்கள் குப்பைக்குச் செல்கின்றன. சினிமாப் பாட்டுப் போனால் சென்னையில் வேறு படி கிடைக்கும். தோட்டத்துக் கலியாணத்திலும் காவடியிலும் யாரோ பதிந்துவைத்த உறுமி மேளத்துக்கு வேறு படி எங்கே? ஆகவே வீடு மாறும் அன்பர்கள் நாடாவை எறியுமுன் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்குமாறு வேண்டுகின்றோம். உறையின்மேல் தோட்டத்தின் பெயர், ஆண்டு, பாடியவர் பெயர் ஆகியவற்றோடு, மேளம் அடித்தவர் பெயரையும் எழுதிவைப்பார்களாக.