தைகன்யாமா: ஒரு தெருவும் அதன் ஆசிரியனும்

பயண நூல்களுக்குத் தைகன்யாமா ஒரு கடைத்தெரு. டோக்கியோவில், ஷிபுயாவிலிருந்து டோயோகோ ரயிலில் ஒரே நிறுத்தம். உடை, காபி, ரொட்டி என்று ரசனையை விலைக்கு வாங்க முடிந்தவர்கள் குடியிருக்கவும் உலாவவும் ஏற்ற மேட்டுநிலம். கட்டடக்கலை விமர்சகர்களுக்கோ அது ஒரே ஆசிரியனின் பிரதி. ஃபுமிஹிகோ மாகி (1928-2024) 'பழைய யாமாதே' சாலையோரம் முப்பது வருஷம் எழுதித் திருத்திய நீள்கவிதை. முதல் வாசிப்பில் சரித்திரம் இல்லை. இரண்டாவதில் உண்டு, ஆனால் அது ஆசிரியனின் சரித்திரம் மட்டும். எனக்குச் சண்டை இந்த இரண்டாவது வாசிப்போடுதான்.

சண்டைக்கு முன்னால் மாகிக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். 1960இல் 'மெட்டபாலிஸம்' என்று கொடி தூக்கிய ஜப்பானிய இளைஞர்களில் அவரும் ஒருவர். நகரம் உயிருள்ளது, உறுப்புகளைக் கழற்றி மாட்டிக்கொண்டு வளரும் என்று மற்றவர்கள் பிரம்மாண்டமான எலும்புக்கூடுகளை வரைந்துகொண்டிருந்தபோது, மாகி மஸாதோ ஓடகாவுடன் சேர்ந்து 'குழு உருவம்' பற்றிப் பேசினார். முழுமையை முதலில் வரைந்து பாகங்களை அதற்குள் அடைக்க வேண்டாம். பாகங்கள் ஒன்றையொன்று பார்த்து வளரட்டும், முழுமை அதிலிருந்து வரும் என்பது அதன் சாரம். யார் பேச்சு பலித்தது என்பதைக் காலம் குரூரமாகவே காட்டிற்று. கிஷோ குரோகவாவின் நகாகின் கோபுரம் 1972இல் எழுந்தது. கழற்றி மாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட அதன் கூடுகள் மாற்றப்படாமலேயே 2022இல் பிரித்துப் போடப்பட்டன. மாகியின் ஹில்சைட் டெரஸ் 1969இல் இரண்டு சிறு கட்டடங்களாகத் தொடங்கி, 1992 வரை ஆறு கட்டங்களாக வளர்ந்தது. 1998இல் சற்றுத் தள்ளி இன்னொரு துண்டு சேர்ந்தது.

தொடக்கத்தில் வர்ணம் பூசிய கான்கிரீட், பின்னால் ஓடு, கடைசியில் அலுமினியமும் கண்ணாடியும். ஒரே குரல் வயதாகிக்கொண்டே போவது தெரிகிறது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 6-7ஆம் நூற்றாண்டுப் புதைமேடு ஒன்று மரங்களோடும் சிறு கோயிலோடும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. 'ஒகு' என்ற கருத்தை மாகி எழுபதுகளின் இறுதியில் எழுதிப் பிரபலமாக்கினார்: ஜப்பானிய நகரத்துக்கு உச்சியோ மையமோ கிடையாது, மடிப்பு மடிப்பாக உள்ளே போய்க்கொண்டிருக்கும் ஆழம்தான் உண்டு. (நம் 'அகம்' என்ற சொல்லை அவசரமாக இதன்மேல் போர்த்திவிடக் கூடாது. அகம் மனசின் விஷயம். ஒகு நடந்து போகிற தூரத்தின் விஷயம்.) அந்த மேட்டருகே கருத்து ஸ்தூலமாகவே நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இங்கே 10 மீட்டருக்கு மேல் எழுப்பச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஆறாம் கட்டம் வருவதற்குள் விதி தளர்ந்துவிட்டது. ஆனாலும் மாகி சாலையை ஒட்டிய முகப்பில் அந்தப் பழைய 10 மீட்டர்க் கோட்டைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேலே போனதைப் பின்னுக்குத் தள்ளி வைத்தார். கட்டாயமாக இருந்த யாப்பைக் கட்டாயம் போன பிறகும் விரும்பி ஏற்பது! உருவப் பிரக்ஞை என்று நாம் வாய் வலிக்கப் பேசுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் முப்பது வருஷம் பொறுத்திருக்க மாகியால் எப்படி முடிந்தது? பதில் அழகியலில் இல்லை, பட்டாவில் இருக்கிறது. அந்த நிலம் அஸகுரா என்ற ஒரே குடும்பத்தினுடையது. அரிசி வியாபாரத்தில் உயர்ந்த குடும்பம். நிலத்தைத் துண்டு போட்டு விற்காமல், ஒரே கட்டடக் கலைஞரிடம் திரும்பத் திரும்பப் போனார்கள். பணம் சேர்ந்தபோது கட்டினார்கள். சேராதபோது சும்மா இருந்தார்கள். 'காலத்தின் கவிதை' என்று விமர்சகர்கள் மெய்சிலிர்க்கும் இடைவெளிகள் ஒரு நிலச்சொந்தக்காரரின் நிதானம். 1985இல் எழுந்த இணைப்புக் கட்டடங்களோ மாகியுடையவைகூட அல்ல, அவரிடம் வேலை பார்த்த மகோதோ மோதோகுராவின் வேலை. அப்படியானால் தொடர்ச்சி யாருடையது? புரவலரின் பெயரை அடிக்குறிப்பில் போட்டு நகர்ந்துவிடும் விமர்சனம் பாதிப் பிரதியைத்தான் படித்திருக்கிறது.

2011இல் அதே சாலையில் திறந்த ட்ஸுதாயா புத்தக மாளிகை இதன் அடுத்த அத்தியாயம். தாழ்ந்த மூன்று கட்டடங்கள், மரங்கள், இடைவெளி எல்லாம் மாகியிடம் பாடம் கேட்டதுபோல. மாடியில் அறுபது, எழுபதுகளின் பழைய பத்திரிகைகளை அடுக்கி நடுவே காபி பரிமாறினார்கள். சிறுபத்திரிகைக்காரனுக்கு வயிறு எரியும். இலக்கணம் இங்கே பாணியாகிவிட்டது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது ரயில் நிலையத்தருகே இருந்த வேறொன்றைப் பற்றி. 1923 பூகம்பத்துக்குப் பின் வீடிழந்தவர்களுக்காக 1924இல் தோன்றிய டோஜுன்காய் என்ற அமைப்பு, 1927இல் இங்கே ஒரு குடியிருப்பைக் கட்டியது. சரிவில் சிதறிய 36 கட்டடங்கள், இரண்டு மூன்று மாடிகளில் 337 வீடுகள், பொதுக் குளியலறை, சாப்பாட்டுக் கூடம். வரைந்தவர்கள் அமைப்பின் ஊழியர்கள். தனி ஆசிரியன் என்று எவரும் இல்லை. யுத்தத்துக்குப் பிறகு வீடுகள் குடியிருந்தவர்களுக்கே விற்கப்பட்டன. மரங்கள் கூரைகளை மூடின. சின்னது, சிதறியது, ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தது என்று மாகி கோட்பாடாகச் சொன்னவை எல்லாம் அவருக்கு ஒரு தலைமுறை முன்பே அங்கே நடந்துகொண்டிருந்தன. கான்கிரீட் சிதைந்தது, உடைமை நூற்றுக்கணக்கான கைகளில் பிரிந்து கிடந்தது. மறுவளர்ச்சித் திட்டம் வந்தபோது பொறுத்திருப்பதற்கான வசதி அந்தக் கைகள் எதிலும் இல்லை. 1996இல் இடித்தார்கள். 36 கட்டடங்கள் இருந்த இடத்தில் 2000இல் 36 மாடிக் கோபுரம் எழுந்தது.

ஹில்சைட் டெரஸுக்குப் பின்புறம், 1919இல் கட்டப்பட்ட அஸகுரா குடும்பத்தின் மர வீடு தோட்டத்தோடு இன்றும் இருக்கிறது. யுத்தத்துக்குப் பின் குடும்பத்தின் கையைவிட்டுப் போய், பிறகு அரசின் சொத்தானது. 2004இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தார்கள். அதை உள்ளே போய்ப் பார்க்கலாம். டோஜுன்காய்க் குடியிருப்பின் எழுபது வருஷத்தைப் பழைய புகைப்படங்களில்தான் பார்க்க வேண்டும்.