‘டூக்கா அண்ட் பெர்ட்டி’ தொடரில் நட்பும் மெய்ப்பாடும்

வயதுவந்தோருக்கான அசைவூட்ட நகைச்சுவைத் தொடர்களுள் ‘தி சிம்ப்ஸன்ஸ்’ ஒரு குடும்பத்தையும், ‘போஜாக் ஹார்ஸ்மேன்’ புகழ் மங்கிய நடிகனின் தனிமையையும் மையமாகக் கொண்டவை. பின்னதன் பாத்திர உருவங்களை வடிவமைத்த லிசா ஹனவால்ட் உருவாக்கி, 2019 மே மாதம் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த ‘டூக்கா அண்ட் பெர்ட்டி’, முப்பது வயதை எட்டிய இரு தோழியரின் நட்பையே கதையாக்கியது. டூக்கா துணிச்சல் மிக்க டூக்கான் பறவை. பெர்ட்டி எதற்கும் அஞ்சும் பூங்குருவி. பெர்ட்டியின் காதலன் ஸ்பெக்கிள் அவள் வீட்டில் குடியேற, அதுவரை உடன்வாழ்ந்த டூக்கா அதே கட்டடத்தின் மேல்மாடிக்குச் செல்கிறாள். தொடர் இந்த இடப்பெயர்விலிருந்து தொடங்குவது கருதத்தக்கது. காதலர் கூடி வாழத் தொடங்குவது தோழியின் இழப்பாகவும் அமைகிறது. அவ்விழப்பை எடுத்துரைக்க இருவரிடமும் சொல் இல்லை.

சொல் இல்லாத இடத்தில் இத்தொடரில் உடல் பேசுகிறது. உள்ளத்துணர்வு உடல்வழி வெளிப்படுதலைத் தமிழ்ப் பொருளிலக்கணம் மெய்ப்பாடு என்னும். அசைவூட்டக் கலையில் அதற்கு எல்லையில்லை. இரண்டாம் பகுதியில் உடன்பணிபுரியும் ஆண் ஒருவன் பெர்ட்டியின் மார்பைச் சுட்டி ஆபாசமாகப் பேசுகிறான். அவள் மறுமொழி கூறவில்லை. அவளது மார்பகம் ஒன்று உடலிலிருந்து கழன்று, சினந்து, வெளியேறிவிடுகிறது. அவள் காட்டத் தவறிய சினமே அது. (கட்டடங்களுக்கும் மார்பகம் வரையப்பட்ட ஊர் இது. இத்தகைய வேடிக்கைகள் அனைத்தும் இவ்வளவு பொருள் பொதிந்தவை அல்ல. பல வெறும் ஆரவாரமே.)

பெர்ட்டி அடுமனைத் தொழில் பயிலும் இடத்தில் பீட் என்னும் பென்குயின் அவள் தலையை ஆவி பறக்கும் பாத்திரத்தின் மேல் அழுத்திப் பிடிக்கிறது. அச்சமும் கிளர்ச்சியும் கலந்து அவள் குழம்புகிறாள். அக்குழப்பத்தைத் தொடர் மறைக்காதது அதன் நேர்மைக்குச் சான்று. பின்னர் அங்கு வேலைக்கு வரும் இளம்பெண் டகோட்டாவைப் பெர்ட்டி எச்சரிப்பதில்லை. டூக்காவுடன் மூளும் பூசலுக்கு இம்மௌனமும் ஒரு காரணம். பாதிக்கப்பட்டவள் மீதே பழி சுமத்துவதாக இதனை வாசிக்க இடமுண்டு. ஆயினும் ‘தி ஜெல்லி லேக்ஸ்’ என்னும் ஒன்பதாம் பகுதி அவ்வாசிப்பை மறுக்கிறது. 12 வயதில் ஏரிக்கரையில் உயிர்காப்பாளன் ஒருவனால் பெர்ட்டிக்கு நேர்ந்த கொடுமை அங்குதான் வெளிப்படுகிறது. அவ்விடத்தில் தொடரின் வழக்கமான வரைமுறை மாறிவிடுகிறது. உறுப்புகள் பேசுவதில்லை, கொடுமையும் காட்டப்படுவதில்லை. மெய்ப்பாட்டை அத்துணை மிகைப்படுத்திய தொடர், அதன் மூலமான நிகழ்வில் உடலைக் காட்ட மறுக்கிறது.

இதற்கு நிகரான கவனம் முதற்பருவத்தில் டூக்காவுக்குக் கிட்டவில்லை. மதுவை விட்டவளின் தனிமை பெரும்பாலும் நகைப்பில் கரைந்துவிடுகிறது. 2019 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் கைவிட்ட இத்தொடர் அடல்ட் ஸ்விம் வழியே 2021, 2022 ஆம் ஆண்டுகளில் மேலும் இரு பருவங்கள் நீடித்ததால் அக்குறை ஓரளவு நீங்கியது. இரண்டாம் பருவத்தில் காரா என்னும் செவிலியை டூக்கா காதலிக்கிறாள். இம்முறை தோழியின் காதலை ஐயுற்று, சொல்லவும் இயலாமல் அருகில் நிற்பவள் பெர்ட்டி.