ஹிரயாமாவின் அறை வாடகை

‘பெர்ஃபெக்ட் டேஸ்’ படத்தை மூன்று தடவை பார்த்துவிட்டேன். மூன்று தடவையும் காசு கொடுத்து டிக்கெட் எடுத்துத்தான். முதல் தடவை ஷார்ஜாவிலிருந்து என் காரில் ஏற்றிக்கொண்டு போன மூன்று பேரில் மதுரைக்காரர் படத்தைத் திட்டினார், கும்பகோணத்துத் தம்பி தூங்கினான், பரமக்குடி அண்ணன் வாயே திறக்கவில்லை. என் பரவசத்துக்குக் கிடைத்த வரவேற்பு அவ்வளவுதான். ஆனாலும் சொல்கிறேன், இந்த ஊரில் இத்தனை வருஷமாக நான் பார்த்த படங்களிலேயே இதுதான் படம்!

பார்த்த இடம் சினிமா அகில். துபாய் அல்கூஸ் பக்கம் நாமெல்லாம் கார் பட்டறைக்கும் கிடங்குக்கும்தான் போவோம். அந்தக் கிடங்குகளுக்கு நடுவே இருக்கும் அல்செர்கால் அவென்யூவில் ஒரு கிடங்கையே தியேட்டராக்கி வைத்திருக்கிறார்கள். புத்தைனா காசிம் என்ற அமீரகப் பெண்மணி 2014-இல் இடம் இடமாகத் திரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் காட்ட ஆரம்பித்து, 2018-இல் இங்கே நிலையாக உட்கார்ந்தார். வளைகுடாவின் முதல் கலைப்பட அரங்கு என்பார்கள். பாப்கார்ன் வாசத்தைவிட டீ வாசம் தூக்கலாக இருக்கும். அதற்காகவே போகலாம்.

கதையை ஒரு வரியில் சொன்னால் சிரிப்பீர்கள். டோக்கியோவில் பொதுக் கழிப்பறை கழுவும் ஹிரயாமா, காலையில் எழுந்து கழுவப் போகிறார், சாயங்காலம் திரும்பி வந்து புத்தகம் படித்துவிட்டுத் தூங்குகிறார். மறுநாளும் அதே. எழுப்புவது அலாரம் இல்லை, தெருவில் யாரோ பெருக்குகிற துடைப்பச் சத்தம். செடிகளுக்குத் தண்ணீர் தெளிப்பார், கதவைத் திறந்து வானத்தைப் பார்த்துச் சிரிப்பார், மெஷினில் காசு போட்டு டின் காபி எடுப்பார், வேனில் பழைய கேசட் ஒன்றைப் போடுவார். இரண்டு மணி நேரம் நாலு நிமிஷப் படத்தில் அவர் பேசுவதை ஒரு ஏ4 தாளில் எழுதிவிடலாம். பழைய டிவி பெட்டி மாதிரி சதுரமான சட்டம் வேறு. கும்பகோணத்துத் தம்பி இருபதாவது நிமிஷத்தில் கண்ணை மூடியதற்கு அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கோஜி யாகுஷோ என்ற அந்த நடிகரின் முகம் இருக்கிறதே! 2023 கான் விழாவில் சிறந்த நடிகர் விருதை அவருக்குச் சும்மா கொடுக்கவில்லை. கடைசியில் அதிகாலை வெளிச்சத்தில் வேன் ஓட்டிக்கொண்டு போகிறார், நீனா சிமோன் பாட்டு ஓடுகிறது, கேமரா அவர் முகத்தை விட்டு நகரவே இல்லை. சிரிக்கிறார், கண் கலங்குகிறது, மறுபடி சிரிக்கிறார், எது எப்போது மாறியது என்று பிடிக்க முடியவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்தில் மதுரைக்காரர் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து கரக் டீக்கடை ஓரம் காரை நிறுத்தியதும் அவர் ஆரம்பித்தார். “இது படமாய்யா? கக்கூஸ் விளம்பரம்.”

பாதி உண்மைதான். டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் பெரிய கட்டடக் கலைஞர்களை வைத்துப் பதினேழு பொதுக் கழிப்பறைகள் கட்டினார்கள். தடாவோ ஆண்டோ ஒன்று, கெங்கோ குமா ஒன்று. ஷிகெரு பான் கட்டியது கண்ணாடிச் சுவர், உள்ளே போய்த் தாழ் போட்டால்தான் மங்கும். அதைப் பற்றிச் சின்னச் சின்னப் படங்கள் எடுக்கத்தான் ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸைக் கூப்பிட்டார்கள். அவர் முழுப்படமாகவே எடுத்துவிட்டார். ஜப்பானும் அதையே தன் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பியது. ஜப்பானியர் அல்லாதவர் எடுத்த படம் அப்படிப் போனது அதுதான் முதல் தடவை.

மதுரைக்காரர் விடவில்லை. “திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படம் பாத்திருக்கியா? 2017ல வந்துச்சு. பல ஊர்ல திரையிட விடாம போலீஸ் வந்து நின்னுச்சு. அதுல வர்ற துப்புரவுக்காரங்களுக்கு மரமும் வெயிலும் ரசிக்க நேரமிருந்துச்சா? இந்தப் படத்துல கழிப்பறை கழுவுறதுக்கு முன்னாடியே பளபளன்னு இருக்கு. தங்கச்சி டிரைவர் வச்ச கார்ல வந்து இறங்குறா. பணக்கார வீட்டுப் பிள்ளை, ஆசைப்பட்டு வந்திருக்கான். நம்ம ஊர்ல ஆசைப்பட்டா வர்றாங்க?”

என்னிடம் பதில் இல்லை. வெளிநாட்டு விமர்சகர்களும் இதையேதான் சொன்னார்கள், ஏழ்மைக்கு அத்தர் பூசிவிட்டார் என்று. நான் ஒளி, நிழல், இசை என்று ஏதோ உளறினேன். இலை நடுவே வெயில் ஆடுவதற்கு ஜப்பானில் ‘கொமொரேபி’ என்று தனிச் சொல்லே இருக்கிறது என்றேன். டீ ஆறிப்போனது.

அப்போதுதான் பரமக்குடி அண்ணன் வாய் திறந்தார். இப்போது சொந்தமாக மளிகைக்கடை வைத்திருப்பவர். தொண்ணூறுகளில் இதே ஊருக்குக் கிளீனிங் வேலைக்கு வந்தவர் என்பது எங்களுக்குத் தெரியும், அவராகப் பேசியதில்லை.

“அந்தக் கண்ணாடியைப் பாத்தியா?” என்றார்.

ஹிரயாமா சின்னக் கைக்கண்ணாடியை விட்டுப் பீங்கானின் அடிப்பக்கம் பார்ப்பார். யாரும் பார்க்காத இடம். கூட வேலை செய்கிற பையன், எப்படியும் அழுக்காகத்தானே போகிறது, எதற்கு இந்தப் பாடு என்பான்.

“எங்க காலத்துல அந்தக் கண்ணாடி சூப்பர்வைசர் கையில இருந்துச்சு தம்பி. அடியில ஒரு பொட்டு தெரிஞ்சா சம்பளத்துல வெட்டு. இவன் கையில இவனே வச்சிருக்கான். அவனுக்கு மேல ஒருத்தன் இல்ல.” டீயை ஒரு வாய் குடித்தார். “அதுகூடப் போகட்டும். அவன் ரூமைப் பாத்தியா? கட்டில்கூட இல்ல, பாயைச் சுருட்டி வைக்கிறான். ஆனா ஒத்த ஆளு. சோனாப்பூர் லேபர் கேம்ப்ல நாங்க ஒரு ரூமுக்கு எட்டுப் பேரு, கட்டிலுக்கு மேல கட்டில். அஞ்சு வருஷம் நான் லைட்டை எப்ப அணைக்கணும்னு நான் முடிவு பண்ணதில்ல. அவன் படிக்கிறான், தூக்கம் வருது, கை நீட்டி அணைக்கிறான். அதுக்குத்தான்யா எனக்கு அழுகை வந்துச்சு.”

பிறகு மதுரைக்காரரைப் பார்த்தார். “நீ சொல்றது சரிதான். இது பொய்தான். ஆனா எனக்கு வேண்டிய பொய்யி.”

திரும்பி வரும்போது அல் இத்திஹாத் சாலையில் வழக்கமான நெரிசல். பிரேக் விளக்குகள் சிவப்பாக நீண்டுகொண்டே போயின. மதுரைக்காரர் ஏதோ சொல்ல வந்து, கார்க் கண்ணாடியை இறக்கி, மறுபடி ஏற்றினார்.

அடுத்த சனிக்கிழமை அண்ணனிடமிருந்து போன். இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாராம். இந்தத் தடவை அவர் அமைதியாக உட்காரவில்லை. எனக்கு விலாவில் இடித்து இடித்துக் காட்டினார். கழிப்பறைச் சுவர் இடுக்கில் முகம் தெரியாத யாரோ வைத்துப் போன காகிதத்தில் ஹிரயாமா வட்டமும் பெருக்கல் குறியுமாக விளையாடும் இடத்தில் சத்தமாகவே சிரித்தார். முன் வரிசையில் ஒரு வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் அவருக்கும் கையால் சாடை காட்டினார், பார் பார் என்று.

தங்கை மகள் வீட்டை விட்டு ஓடிவந்து மாமன் வாசலில் நிற்கும் இடம் வந்தது. ஹிரயாமா அந்த அறையை, அந்த ஒற்றை ஆள் அறையை, பிள்ளைக்கு விட்டுவிட்டுக் கீழே சாமான்களுக்கு நடுவே பாய் விரித்துக்கொள்கிறார். காரணம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்ணன் என் காதருகே குனிந்தார்.

“தாய்மாமன்டா அவன்.”