அடிவரியில் ஒரு பெயர்

பழைய ஆங்கில நூல்களில் எனக்கு மிகப் பிடித்த இடம், முகப்புத் தாளின் அடிவரி. யார் அச்சிட்டது, யாருக்காக, எந்த ஆண்டு என்று சிறிய எழுத்தில் அது சொல்லும். ஜான் மில்டனின் 1645ஆம் ஆண்டுக் கவிதைத் தொகுப்பில் அங்கே அச்சிட்டவராக நிற்கும் பெயர் ரூத் ராவொர்த்.

அந்தக் கால லண்டனில், அச்சகரின் விதவையால் கணவரின் தொழிலைத் தானே ஏற்று நடத்த முடிந்தது. ரூத் அப்படி வந்தவர். டேஸ் சோல் என்ற இன்னொரு லண்டன் அச்சகரோ மகளாக வந்தவர். 1691இல் தந்தையின் அச்சகத்தை ஏற்றார். பல பத்தாண்டுகள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் நூல்களை அச்சிட்டார். எழுத்துக் கோப்பதில் தேர்ந்தவர். இடவலம் மாறி நிற்கும் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரியாக்கும் அந்த வேலையில் கண்ணும் விரலும் ஒன்றாக ஓட வேண்டும். 1706இல் திருமணமான பின், அச்சகத்தின் நூல்கள் தாய் ஜேனின் பெயரில் வெளிவந்தன, ஆனால் அச்சகத்தை நடத்தியவர் டேஸ்தான்.

அச்சான தாள்களை மடித்து, ஊசிநூலால் தைத்த பைண்டிங் பெண்களுக்கோ அடிவரியிலும் இடமில்லை. பழைய புத்தகம் கையில் கிடைத்தால், ஆசிரியர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அடிவரியையும் படியுங்கள், முதுகுத் தையலையும் பாருங்கள்.