விறகுச் சூளையும் பெயரின்மையின் அரசியலும்

ஜப்பான் அரசு 'தேசியச் செல்வம்' என்று அறிவித்திருக்கும் தேநீர்க் கிண்ணங்களில் ஒன்றின் பெயர் கிசாயெமோன் ஈதோ. கியோத்தோவில் தாய்தொகுஜி என்கிற ஜென் மடத்தைச் சேர்ந்த கோஹோஆனில் பெட்டிக்குள் பெட்டியாக வைத்துப் பாதுகாக்கிறார்கள். கிண்ணம் ஜப்பானில் செய்ததே இல்லை. 16ஆம் நூற்றாண்டில் கொரியாவில் ஏதோ ஒரு விறகுச் சூளையில் வெந்தது. வனைந்தது யார் என்று தெரியாது. அப்படியானால் யார் இந்தக் கிசாயெமோன்? கிண்ணத்தைக் கொஞ்ச காலம் கையில் வைத்திருந்த ஒசாகா வியாபாரி. செய்தவன் பெயர் போயிற்று, வைத்திருந்தவன் பெயர் நின்றது. ஜப்பானிய மட்பாண்டக் கலை பற்றி யார் எவ்வளவு உருகிப் பேசினாலும் இந்தச் சின்ன விஷயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்க் கேட்பது நல்லது.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம்ம ஆட்களுக்கு ஜப்பான் என்றாலே ஒரு மயக்கம். ஜென் கதை, ஹைக்கூ என்று வந்ததன் தொடர்ச்சியாக இப்போது 'குறையின் அழகு' வந்து சேர்ந்திருக்கிறது. விரிசல் விட்ட கிண்ணம், கோணல் வாய், சாம்பல் வழிந்த ஜாடி. இன்னொரு பக்கம், ரொலான் பார்த் 1967இல் எழுதியதை வைத்துக்கொண்டு தொண்ணூறுகளில் 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று நாம் போட்ட சண்டைகள். இரண்டும் எங்கோ சந்தித்து, பெயரில்லாமல் படைப்பதே உயர்ந்தது என்று ஒரு சொல்லாடல் உருவாகியிருக்கிறது. நாட்டார் கலை பற்றிப் பேசும்போது இது தாராளமாகப் புழங்குகிறது. பறை அடிப்பவருக்குப் பெயர் எதுக்கு, அது மக்கள் கலை என்கிறோம். அதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிற நாம் மட்டும் மறக்காமல் பெயர் போட்டுக்கொள்கிறோம்.

முதலில் சூளையைப் பார்த்துவிடுவோம். அனகமா என்றால் குகைச் சூளை. சரிவான நிலத்தில் சுரங்கம் மாதிரி நீளும் ஒரே அறை. கீழ்முனையில் நெருப்பு, மேல்முனையில் புகைபோக்கி. இந்தத் தொழில்நுட்பம் 5ஆம் நூற்றாண்டில் கொரியத் தீபகற்பத்திலிருந்து வந்தது. பல அறைகள் படிப்படியாக மேலேறும் நொபோரிகமாவும் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்து வந்ததுதான். பிஸென் ஊரில் செம்பைன் விறகைப் பத்து நாள், இரண்டு வாரம் என்று இரவு பகலாகப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். வெப்பம் 1200 டிகிரியைத் தாண்டும்போது, தீயோடு பறந்து வந்து பாண்டத்தின் தோளில் படிகிற சாம்பலில் இருக்கும் சுண்ணாம்பும் பொட்டாசியமும் களிமண்ணின் மணற்சத்தை உருக்கிக் கண்ணாடியாக்கிவிடும். யாரும் பூசாத பூச்சு. ஷிகராகியில் இது பச்சைக் கண்ணாடித் துளியாக வழியும். பிஸெனில் எள்ளைத் தூவின மாதிரி நிற்கும். அதற்குப் பெயரே 'கோமா', எள்.

இங்கேதான் அந்தப் பழைய பாட்டு ஆரம்பிக்கும்: மனிதன் செய்யவில்லை, நெருப்பு செய்தது என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த ஜாடி தீவாய்க்கு எதிரே நிற்க வேண்டும், எது இன்னொன்றின் மறைவில் நிற்க வேண்டும் என்று ஒரு கை தீர்மானித்திருக்கிறது. நடுராத்திரி விறகு போட்ட கை ஒன்று, விறகு பிளந்த கை ஒன்று, நெல் வயலுக்கு அடியிலிருந்து பிஸென் களிமண்ணைத் தோண்டிய கை ஒன்று. 'தற்செயல்' என்ற ஒற்றைச் சொல் இத்தனை கைகளையும் மறைத்துவிடுகிறது. நெருப்புக்குக் கூலி தர வேண்டியதில்லை பாருங்கள்.

பிஸென் பாண்டங்களில் ரொம்பவும் கொண்டாடப்படும் 'ஹிதாசுகி'யை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிறிய உடம்பில் தாறுமாறாக ஓடும் சிவப்புக் கோடுகள். சூளையில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும்போது ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று இடையில் வைக்கோலைச் சுற்றினார்கள். வைக்கோலின் பொட்டாசியமும் மண்ணின் இரும்பும் வினைபுரிந்து தழும்பு விழுந்தது. 'பொதாமோச்சி' என்கிற வட்டமும் அப்படித்தான். ஒரு தட்டின் மேல் இன்னொரு பாத்திரத்தை ஏற்றி வைத்ததால் சாம்பல் படாமல் தப்பிய இடம் அது. ஒரே சூளையில், ஒரே விறகுச் செலவில் இன்னும் நாலு பாத்திரம் கூட வேகட்டும் என்ற சிக்கனத்தின் தடயங்கள் இவை. வேலை விட்டுப்போன அடையாளத்தை அழகு என்று முதலில் பெயரிட்டது சூளைக்காரர்கள் அல்ல, தேநீர்ச் சடங்குக்காரர்கள்.

சடங்குக்காரர்களுக்குள்ளேயே இதைப் பற்றிச் சந்தேகப்பட்டவர் உண்டு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முராதா ஜுகோ தன் சீடருக்கு எழுதிய கடிதத்தில், நேற்று வந்தவர்கள் எல்லாம் பிஸெனையும் ஷிகராகியையும் கையில் வைத்துக்கொண்டு தாங்கள் பக்குவம் அடைந்துவிட்டதாகக் காட்டிக்கொள்வதைக் கண்டிக்கிறார். எளிமை ஒரு அந்தஸ்தாக மாறும் ஆபத்தை, எளிமை மோஸ்தராகிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் பார்த்துவிட்டார்.

*

இப்போது யானாகி சோயெத்சு. 1889இல் பிறந்தவர், 1961இல் மறைந்தார். 1925இல் ஹமாதா ஷோஜி, கவாய் கன்ஜிரோ ஆகியோரோடு சேர்ந்து 'மிங்கெய்', அதாவது மக்கள் கைவினை என்ற சொல்லை உருவாக்கியவர். 1936இல் தோக்கியோவில் அதற்கென்றே ஒரு காட்சியகம் நிறுவினார். 1931இல் கிசாயெமோன் கிண்ணத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு அவர் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. ஏழைக் கொரியன் ஒருவன், எந்த யோசனையும் இல்லாமல், தான் செய்வது அழகு என்றே தெரியாமல் செய்த மலிவான சோற்றுக் கிண்ணம்; அதனால்தான் இது மகத்தானது என்பது அவர் வாதத்தின் சாரம்.

யானாகியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கொரியா ஜப்பானின் காலனியாக இருந்தபோது, 1919 எழுச்சி ஒடுக்கப்பட்டதைக் கண்டித்து ஜப்பானியப் பத்திரிகையில் எழுதியவர். 1922இல் சியோலின் குவாங்குவாமுன் வாயிலை இடிக்கக் கூடாது என்று வாதாடியவர். அந்தத் துணிச்சலுக்கு மரியாதை தர வேண்டும். ஆனால் கொரியக் கலை முழுவதும் 'துயரத்தின் அழகு' என்று அவர் வரையறுத்ததைக் கொரிய விமர்சகர்களே பின்னால் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். என் கேள்வி இன்னும் எளிமையானது. அந்தக் குயவர் யோசிக்கவில்லை என்று யானாகிக்கு யார் சொன்னது? அது சோற்றுக் கிண்ணம்தானா, சடங்குப் பாத்திரமா என்பதிலேயே இன்று ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து கிடையாது. வனைந்தவரின் மௌனத்தைச் சம்மதம் என்றும், சம்மதத்தை ஞானம் என்றும் வாசிப்பது வாசிப்பவரின் அதிகாரம். 'அறியாமல் செய்தான்' என்ற பாராட்டுக்குள்ளேயே 'அறிந்து பார்ப்பவன் நான்' என்ற பிரகடனம் உட்கார்ந்திருக்கிறது.

பார்த் சொன்ன ஆசிரியன் மரணம் வேறு, இது வேறு. சாக வேண்டுமென்றால் முதலில் உயிரோடு இருந்திருக்க வேண்டும். உரிமையும் புகழும் பெற்று, பிரதியின் பொருளுக்கே அதிகாரியாக உட்கார்ந்திருந்த ஐரோப்பிய ஆசிரியனை அந்த இடத்திலிருந்து இறக்கினார் பார்த். ஏறவே விடாதவர்களை எங்கிருந்து இறக்குவது?

பெயரின்மை இயற்கையாக வந்ததல்ல என்பதற்குச் சரித்திரமே சாட்சி. தேநீர்ச் சடங்குக்கு இலக்கணம் வகுத்த சென் நோ ரிக்யூவை ஹிதெயோஷி தற்கொலை செய்துகொள்ள ஆணையிட்டது 1591இல். அடுத்த வருஷமே அதே ஹிதெயோஷியின் படை கொரியாவுக்குள் நுழைந்தது. 1598வரை நீடித்த அந்தப் போரில் கொரியக் குயவர்கள் கூட்டம் கூட்டமாகப் பிடித்து வரப்பட்டார்கள். அரித்தா, ஹாகி, சத்சுமா சூளைகளின் பின்னால் இந்தக் கடத்தல் இருக்கிறது. சத்சுமாவின் நாயெஷிரோகாவாவில் குடியேற்றப்பட்டவர்கள் கொரியப் பெயரையும் உடையையும் விடக்கூடாது என்று பிரபுவின் ஆட்சி கட்டாயப்படுத்தியது. அந்நியனாகவே இருக்க வேண்டும், அந்த அந்நியத்தன்மைதான் அவன் சரக்கு. மெய்ஜி காலம் வந்ததும் எல்லாம் தலைகீழ், கொரியப் பெயர் இழிவாயிற்று. அந்த ஊரில் பாக் என்ற குடும்பம் 1886இல் தோகோ என்ற ஜப்பானியப் பெயரை விலைக்கு வாங்கிக்கொண்டது. அந்த வீட்டுப் பையன்தான் 1941இல் ஜப்பானின் வெளியுறவு அமைச்சராக இருந்த தோகோ ஷிகெனோரி. பெயரை வைத்துக்கொள் என்றாலும், மாற்றிக்கொள் என்றாலும், உத்தரவு மேலிருந்துதான் வந்தது.

*

பெயரில்லாத பழமை மேல் இவ்வளவு மோகம் இருந்தால், அதைச் செய்து கொடுக்கவும் ஆள் வருவான் இல்லையா? வந்தான். எய்னின் 2ஆம் ஆண்டு, அதாவது 1294 என்று பொறித்த செத்தோ ஜாடி ஒன்றை ஜப்பான் அரசு 1959இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. பரிந்துரைத்தவர் கோயாமா ஃபுஜியோ. பிஸென், ஷிகராகி, தம்பா, எச்சிஸென், செத்தோ, தொகொநாமே ஆகியவற்றை 'ஆறு பழஞ்சூளைகள்' என்று தொகுத்த பெரிய அறிஞர். மறு வருஷமே குட்டு உடைந்தது. முதலில் மகன் நான் செய்தேன் என்றார். இரண்டு நாள் கழித்து அப்பா காத்தோ தோகுரோ, இல்லை, 1937இல் நான் செய்தது என்றார். 1961இல் அறிவிப்பு ரத்தாயிற்று, கோயாமா பதவி விலகினார். இதை வெறும் மோசடிக் கதையாக நான் வாசிக்கவில்லை. அதே மண், அதே மாதிரி நெருப்பு, அதே மாதிரி கை. 1294 என்றால் வணக்கம், 1937 என்றால் வழக்கு. அப்படியானால் நிபுணர்கள் அதுவரை பார்த்துக்கொண்டிருந்தது ஜாடியையா, தேதியையா?

அரசுக்கும் பெயர் வைக்கத் தெரியும். 1955இலிருந்து 'வாழும் தேசியச் செல்வம்' என்று தனிமனிதர்களைத் தேர்ந்தெடுக்கிறது. மக்கள் கைவினை பேசிய ஹமாதா முதல் வருஷமே ஏற்றுக்கொண்டார். கவாய் கன்ஜிரோ மறுத்துவிட்டார். அடுத்த வருஷம் பிஸெனின் கனெஷிகே தோயோ. இந்த மரியாதை வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், போரின் கடைசி மாதங்களில், பிஸென் உட்படப் பல சூளை ஊர்களில் மண்ணால் கைக்குண்டு செய்ய வைத்தது இதே அரசுதான். மரபின் தூய்மை பற்றிப் பேசுகிற புத்தகங்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகின்றன.

அந்த மரபுக்குள் பெண்ணுக்கு இடம் எங்கே? தீட்டு என்று சொல்லிச் சூளைப் பக்கமே விடாத வழக்கம் பல ஊர்களில் இருந்தது. 1936இல் பிறந்த கோயாமா கியோகோ ஷிகராகியில் கணப்புச் சட்டிகளுக்குச் சித்திரம் தீட்டும் கூலி வேலையில் தொடங்கியவர். பழைய ஓட்டுத் துண்டுகளில் கண்ட இயற்கைச் சாம்பல் மெருகைத் தானே வரவழைக்க வேண்டும் என்று அனகமா கட்டி, திரும்பத் திரும்பத் தோற்று, கடைசியில் வரவழைத்தார். 2005இல் அவர் வாழ்க்கை திரைப்படமானது. 2023இல் காலமானார். அவரைப் பார்த்து 'பெயர் என்ன பெரிய பெயர், கலைஞன் கரைந்து போக வேண்டும்' என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். சூளை வாயில் நிற்கவே உரிமையில்லாதவளுக்குப் பெயர் என்பது அகங்காரம் அல்ல, நுழைவு.

*

அப்படியானால் கையெழுத்துதான் விடுதலையா? அதுவும் இல்லை. கியூஷூவில் ஒந்தா என்கிற மலைக் கிராமம். பத்துக் குடும்பம் போல. ஓடைத் தண்ணீர் இயக்கும் மர உலக்கை மண்ணை இடிக்கும். மண் பொது, சூளையும் பெரும்பாலானவர்களுக்குப் பொது. யாரும் தனிப் பெயர் பொறிப்பதில்லை. யானாகி 1931இல் வந்து பாராட்டினார், பெர்னார்ட் லீச் 1954இல் வந்து தங்கினார், அதன் பிறகு வாங்குகிற கூட்டம் வந்தது. பிரையன் மோரன் என்கிற மானிடவியலாளர் அங்கேயே வாழ்ந்து எழுதிய நூல் 1984இல் வந்தது. வெளியாட்களின் அழகியல் பாராட்டும் அதோடு வந்த பணமும் கிராமத்தின் கூட்டு வாழ்க்கையை எப்படி இழுத்துப் பார்த்தன என்று அதில் விரிவாகக் காட்டுகிறார். 1995இல் அரசு ஒந்தாவைக் கௌரவித்தபோது தனியாளை அல்ல, ஊரின் சங்கத்தைத்தான் கௌரவிக்க முடிந்தது. இந்தப் பெயரின்மை சூளையைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் கூடி எடுத்த முடிவு. யானாகி வெளியிலிருந்து போர்த்தியது இதுவல்ல. ஆனால் இங்கேயும் சக்கரத்தில் உட்காருவது ஆண்கள், மண் பக்குவப்படுத்துகிற வேலை பெண்களுக்கு. கூட்டு என்ற சொல்லுக்குள்ளும் படிகள் உண்டு.

இந்த மரபின் ஒரு கிளை நம்மிடமும் வந்தது. பிஸெனில் பயிற்சி பெற்ற டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971இல் பாண்டிச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறையிலிருந்து இந்தியாவின் பல மட்பாண்டக் கலைஞர்கள் பெயரோடு வெளியே வந்தார்கள். நல்ல காரியம். அதே வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பானை செய்கிறவர்கள் மட்டும் இன்னும் சாதிப் பெயரால்தான் அறியப்படுகிறார்கள். ஒரே மண்ணில் ஒருவர் 'கலைஞர்', இன்னொருவர் 'மரபு'. இந்தப் பிரிவினையை எந்த ஒரு பட்டறையும் உண்டாக்கவில்லை. அது நம் கண்ணில் ஏற்கெனவே இருக்கிறது.

கடைசியாக ஒரு விஷயம். பிஸெனின் இம்பே ஊரில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஊர்ப் பொதுவாக ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமான பெருஞ்சூளைகள் இருந்தன. பல குடும்பங்களின் பாண்டங்கள் ஒரே நெருப்பில் வேகும். அவற்றின் அடியில், தோளில், சின்னதாக ஒரு கீறல் காணப்படும். ஒரு வட்டம், ஒரு குறுக்குக் கோடு, இப்படி. சூளை பிரிக்கும்போது எது யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. ரசிகனுக்கான கையெழுத்து அல்ல அது. ஞானியின் பெயரின்மையும் அல்ல. நெருப்பு எல்லோருக்கும் பொது, இதில் என் உழைப்பு இவ்வளவு, என் பங்கை என்னிடம் கொடு என்கிற கணக்கு. 'அறியப்படாத கைவினைஞர்' என்று நாம் உருகுகிறவர்கள் தங்களுக்குள் நன்றாகவே அறியப்பட்டிருந்தார்கள். அந்தக் கீறலை வாசிக்கத் தெரியாதது வெளியிலிருந்து வந்தவர்களுக்குத்தான். நாட்டார் கலை பற்றி அடுத்த கட்டுரை எழுத உட்காருகிறவர்கள், பாண்டத்தைத் திருப்பி அடியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதலாம்.