டார்மாக்: சொல் விளங்கியும் பொருள் விளங்காத கதை

பழங்கதைகளின் பெயர்களைக் கொண்டே பேசும் ஓர் இனத்தாரை எண்ணிப் பாருங்கள். அவர்கள் தோல்வி என்று சொல்ல மாட்டார்கள். தோற்றவன் ஒருவனின் பெயரையும் அவன் தோற்ற வேளையையும் சொல்வார்கள். கொடு என்பதற்குக் கைவிரித்து நின்ற ஒருவனின் பெயர். கதை தெரியாதவனுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும், பேச்சு விளங்காது. 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், 1991 செப்டம்பர் இறுதியில் வெளியான 'டார்மாக்' என்ற நாடகத்தின் கரு இதுவே. திரைக்கதை ஜோ மெனாஸ்கியுடையது.

தமாரியர் என்னும் அவ்வினத்தின் கப்பல் தலைவர் டாத்தன், பிக்கார்டையும் தம்மோடு எல்-ஆட்ரல் கோளில் இறக்கி, ஒரு குத்துவாளை அவரிடம் வீசுகிறார். பிக்கார்ட் அதைச் சண்டைக்கு அழைப்பாகக் கொள்கிறார். உண்மையில் அது, அங்கு உலவும் கொடிய விலங்கை இருவரும் சேர்ந்து எதிர்ப்போம் என்ற அழைப்பு. டார்மாக், ஜலாட் என்னும் இருவர் தனாக்ரா என்ற தீவில் அவ்வாறுதான் தோழராயினர். அக்கதையைச் சொல்ல டாத்தனிடம் வேறு மொழியில்லை. ஆதலால் அதை நடத்திக் காட்டத் துணிகிறார்.

முழுதும் குறிப்புகளாலான மொழியில் அக்கதைகளை முதன்முதல் பிள்ளைக்குச் சொல்வது எங்ஙனம், கப்பலின் பொறியைப் பழுதுபார்க்கச் சொல்வது எங்ஙனம் என்று கேட்போர் உளர். நியாயமான கேள்விதான். நாடகத்தில் அதற்கு விடையில்லை. ஆயினும் நாம் அதைப் பெருங்குறையாகக் கொள்ளவில்லை. காரணம், முக்கால் மணி நேரத்திற்குள் அம்மொழியில் ஐந்தாறு தொடர்களை நாடகம் நமக்கே கற்பித்து விடுகிறது. இறுதியில் பிக்கார்ட் தமாரியரோடு அவர்கள் மொழியிலேயே பேசும்போது, மொழிபெயர்ப்பாளர் இன்றியே நாம் விளங்கிக் கொள்கிறோம். நம் வீடுகளில் கொடையாளியை 'ஹாத்திம் தாய்' என்றும், காதலில் பித்தானவனை 'மஜ்னூன்' என்றும் சொல்லும்போது, கேட்கும் பிள்ளைக்கு யாரும் உரை எழுதித் தருவதில்லையே!

நம் நெஞ்சில் தைத்த காட்சி இரவில் தீ மூட்டி அமர்ந்திருக்கும் காட்சி. படுகாயமுற்ற டாத்தன் ஒரு கதை கேட்கிறார். பிக்கார்ட் சொல்வது கில்காமேஷும் என்கிடுவும் தோழரான கதை. ஈராக் மண்ணில் களிமண் ஏடுகளாய்க் கிடைத்த மிகப் பழங்கதை. அதில் தோழன் இறக்கிறான். இறந்துகொண்டிருப்பவரிடம் அதைச் சொல்ல நேர்ந்த பிக்கார்டின் குரல் தளர்வதை பேட்ரிக் ஸ்டூவர்ட் அளவறிந்து காட்டுகிறார். கனத்த முகப்பூச்சுக்குள்ளிருந்து கண்களாலேயே கேட்டுக்கொண்டிருக்கும் பால் வின்ஃபீல்டின் நடிப்போ அதனினும் மேல். கப்பல்கள் ஒன்றையொன்று சுடும் பகுதியைச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா வாரமும் உள்ளதே.

ஆனால் ஒன்றை நம்மால் எளிதில் மன்னிக்க இயலவில்லை. விலங்கோடு இருவரும் பொருதும் வேளையில், தம் தலைவரை மீட்கவெனக் கப்பலில் உள்ளோர் கதிர்ப் பெயர்ப்புக் கருவியை இயக்குகின்றனர். மீட்பு நிறைவேறவில்லை, பிக்கார்ட் இங்குமின்றி அங்குமின்றி அந்தரத்தில் சிக்குகிறார். அச்சில நொடிகளில் டாத்தன் தனியே நின்று குதறப்படுகிறார். இருவராய் நின்றிருந்தால் அவர் பிழைத்திருக்கக் கூடும். நல்லெண்ணத்தால் விளைந்த சாவு இது. மொழி விளங்காமையால் எத்தகைய கேடு விளையும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேறு வேண்டுமோ? ஆசிரியர் இதைத் தம் கையாலேயே எழுதிவிட்டு, திரும்பிப் பாராமல் கடந்து போகிறார்.

முடிவில் பிக்கார்ட் தம் அறையில் அமர்ந்து, ஹோமரின் பெயரால் வழங்கும் கிரேக்கத் துதிப்பாடல்களைப் படிக்கிறார். கருவியை இயக்க ஆணையிட்ட ரைக்கர் உள்ளே வருகிறார். தமாரியர் திறந்து வைத்த கதவைப் பற்றி இருவரும் மெல்லிய குரலில் பேசுகின்றனர். அந்தச் சில நொடிகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.