எச்சில் இலையும் வேப்பஞ்சருகும்

கடப்பாரையை உரக்குவியலின் நடுவில் ஆழமாகக் குத்தி, சற்று நேரம் விட்டு உருவிப் பாருங்கள். முனையைக் கையால் பிடிக்க முடியாது, அவ்வளவு சூடு! அடியில் விறகும் இல்லை, மின்சாரமும் இல்லை. முந்தாநாள் பந்தியில் எடுத்த எச்சில் இலையும், வாசலில் கூட்டி அள்ளிய வேப்பஞ்சருகும்தான் உள்ளே கிடக்கின்றன. கோவையில் நான் சரக்குக் கணக்கு பார்க்கும் மெஸ்ஸின் கொல்லைப்புறத்தில் இந்த அதிசயம் தினமும் நடக்கிறது. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னை நிறுத்துவது கஷ்டம்.

மெஸ் என்றால் எவ்வளவு கழிவு சேரும் என்பது அடுப்படியில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். வெங்காயத் தோல், பூசணிக் குடல், கீரைத் தண்டு, கறிவேப்பிலைக் காம்பு, டிகாஷன் இறக்கிய சக்கை, எல்லாவற்றுக்கும் மேலாக வாழை இலை. இது ஒரு பக்கம். மறுபக்கம் முற்றத்தில் நிற்கும் வேம்பு, புங்கன், பாதாம் மரங்கள். பங்குனி வந்துவிட்டால் கூட்டக் கூட்டச் சருகு. முன்பு அதைக் குவித்துக் கொளுத்துவார்கள். புகை நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் வரும்.

இந்த இரண்டில் எதைத் தனியாக வைத்தாலும் தொல்லைதான். ஈரக்கழிவை மட்டும் குவித்தால் காற்றுப் புகாமல் அழுகி நாறும். சருகை மட்டும் குவித்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டையும் கலந்து பாருங்கள், ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது! சமையலறைக் கழிவில் நைட்ரஜன் அதிகம், சருகில் கார்பன் அதிகம். நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் முப்பது பங்கு அளவில் இருந்தால் நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. நாங்கள் தராசு வைத்து நிறுப்பதில்லை. ஒரு கூடை ஈரக்கழிவுக்கு இரண்டு கூடை சருகு, அவ்வளவுதான் கணக்கு.

எங்கள் உரத் தொட்டிகள் வெறும் செங்கல். கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுக் கட்டியதால் நாலு பக்கமும் காற்று வரும். அடியில் தேங்காய் மட்டை பரப்பினால் நீர் தேங்காது. அதன்மேல் சருகு, பிறகு கழிவு, மறுபடி சருகு. மேலாக எப்போதும் சருகுதான் இருக்க வேண்டும். அந்த மூடாக்கு இருந்தால் ஈ மொய்ப்பதில்லை. மத்தியானம் மிஞ்சிய மோரைப் புளிக்கவிட்டு, தண்ணீர் கலந்து தெளிப்போம். ஒரு பிடியை எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், ஆனால் நீர் ஒழுகக் கூடாது.

வாழை இலைக்குத் தனிக் கவனம் வேண்டும். முழு இலையாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை அடைத்துவிடும். அதனால் இலையில் இருக்கும் சாம்பாரையும் ரசத்தையும் ஓட்டைக் கூடையில் வடியவிட்டு, ஊறுகாய்ப் பொட்டலம், ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, அரிவாளால் துண்டு துண்டாக நறுக்குகிறோம். நடு நரம்பு மட்க நாளாகும், ஆனாலும் மட்காமல் போகாது. பழைய எண்ணெயும் தேங்காய்ச் சிரட்டையும் தொட்டிப் பக்கமே வரக் கூடாது. சிரட்டைக்கு வேறு வேலை இருக்கிறது, அடுப்பு இருக்கிறதே!

சூடு ஏறும் நாட்கள்தான் எனக்குத் திருவிழா. குவியலின் நடுவில் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும், 65 வரைகூடப் போகும். அந்தச் சூட்டில் களை விதையும் நோய்க்கிருமியும் செத்துப்போகும். கிளறிவிடும்போது குப்பென்று ஆவி எழும்பும். தோட்டம் பார்க்கும் பெரியவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "அம்மிணி, இங்க கைய வெச்சுப் பாருங்க. காய்ச்சக்காரன் நெத்தியாட்டம் சுடுது!" அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இந்த வித்தைக்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய வரலாறு உண்டு. ஆல்பர்ட் ஹோவார்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது, இங்குள்ள உழவர்கள் செய்வதைக் கவனித்து, செடிக்கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காகப் போட்டுக் கிளறும் முறையை வகுத்தார். இந்தூர் முறை என்றே அதற்குப் பெயர். ஏறக்குறைய மூன்று மாதத்தில் உரம் தயார். எங்கள் தொட்டியும் ஏறத்தாழ அதே கெடுவில்தான் பழுக்கிறது. நூறு வருஷத்துக்கு முந்தைய கணக்கு இன்றைக்கும் பிசகவில்லை என்று நினைத்தாலே பூரிப்பாக இருக்கிறது.

ஆறிய உரத்தைச் சலிக்கும் நாளில் அதன் வாசனைக்கு என்ன விலை கொடுத்தாலும் தகும். காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்தால் வருமே, அதே மணம்! ஜியோஸ்மின் என்ற பொருள்தான் காரணம். மண்ணில் இருக்கும் ஒருவகை பாக்டீரியா அதை உண்டாக்குகிறது. குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட இலை இப்படி மணக்கும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இன்னொன்று சொல்லியாக வேண்டும். எங்களுக்கு இலை வருவது சிறுமுகைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து. இலைக்கட்டை இறக்கிவிட்டு வண்டி காலியாகத்தான் திரும்பும். இப்போது எங்கள் உரமூட்டைகள் அதில் ஏறிப் போகின்றன, வாழைக்கு அடியுரமாக! வண்டிச் சத்தம் என்று தனியாக ஒரு பைசா கிடையாது. இதைவிட அழகான கொடுக்கல் வாங்கலை என் கணக்கு நோட்டில் நான் பார்த்ததில்லை.

ஓட்டல்கள் மட்கும் கழிவை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லியிருந்தன. நல்ல விதி. ஆனால் விதியைவிட என் மனசை உலுக்கியது 2024 ஏப்ரலில் கோவையின் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு பல நாட்கள் எரிந்ததுதான். ஈரக்கழிவு காற்றில்லாமல் புதைந்து கிடந்தால் மீத்தேன் உண்டாகும், அது எரியும் வாயு. அதே கழிவு சருகோடு சேர்ந்து காற்றோட்டமாக இருந்தால் உரம். எங்கள் இலை ஒன்றுகூட அந்தக் குப்பைமலைக்குப் போவதில்லை என்பதில் எனக்கு அத்தனை பெருமை!

பக்கத்துக் கல்யாண மண்டபத்தாரும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முகூர்த்த நாளில் அங்கே விழும் இலைக்கு எங்கள் சருகு போதாது. அதனால் தெருக்கோடியில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்துச் சருகையும் அள்ளிவரப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் தொட்டிக்கு மேலே தகரம் போட்டாக வேண்டும். நீங்களும் ஓட்டல் நடத்துபவராக இருந்தால் பந்தி முடிந்து ஓய்ந்த நேரத்தில், மூன்று மணிவாக்கில் வாருங்கள். கிளறும் வேலை அப்போதுதான் நடக்கும், மண்வெட்டி நாங்கள் தருகிறோம்.